கொழுப்பெடுத்தவள்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை வாயடைக்க அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ‘கொழுப்பு’ என்ற ஒரு சொல் போதும். பத்தாவது முடித்ததும் இன்ன குரூப்தான் வேண்டும் என்று சொன்னால் கொழுப்பு. ஒறம்பரை வந்திருக்கும்போது காபித் தட்டைத் தம்பி கையில் கொடுத்தனுப்பினால் கொழுப்பு. பெண் பார்க்க வந்தவரிடம், “உங்களுக்குச் சம்பளம் எவ்வளவுங்க?” என்று கேட்டுவிட்டால், கொழுப்பெடுத்துத் திரிகிறாள். பையன்களுக்கும் இதைச் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்குச் சொல்லும்போது சொல்கிறவரின் மீசை ஓரத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெண்களிலும் எல்லோருக்கும் இந்தச் சொல் ஒரே எடையில் விழுவதில்லை. வீட்டில் எனக்குச் சொன்னதில் பாதி செல்லம். எங்கள் காட்டுக்குக் களை எடுக்க வரும் அக்கா ஒருமுறை கூலியை ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டார். அவர் போன பிறகு திண்ணையில் அதே சொல் வந்தது, கூடவே அவருடைய சாதிப் பெயரும் வந்தது. அதில் செல்லம் எதுவும் இல்லை.

இவ்வளவு கேட்டு வளர்ந்த நான், ஆராய்ச்சிக்கு என்று போய்ச் சேர்ந்ததும் கொழுப்பிடம்தான். கோவையில் ஒரு வேதியியல் கூடத்தில் ஆறு ஆண்டுகள், செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளை ஒளிர வைத்துக் காட்டும் சாயங்களைச் செய்துகொண்டிருந்தேன். என்ன படிக்கிறாய் என்று ஊரில் கேட்டால், “கொழுப்பைப் பத்திங்க” என்பேன். “உனக்குப் பொருத்தமாத்தான் குடுத்திருக்கறாங்க” என்று பதில் வரும். ஒருவர் விடாமல் எல்லோரும் இதையே சொன்னார்கள். ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்த நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் உடம்பின் ஏறக்குறைய எல்லா வகைச் செல்களும் தேவைக்கு மேல் கிடைக்கும் கொழுப்பைச் சிறு உருண்டைகளாகத் திரட்டி வைத்துக்கொள்கின்றன. நடுவில் எண்ணெய், சுற்றிலும் மிக மெல்லிய ஒற்றை அடுக்குச் சவ்வு, அதன்மேல் காவல் நிற்கும் புரதங்கள், அவ்வளவுதான். சில துளிகள் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. இடுப்பிலும் தொடையிலும் உள்ள கொழுப்புச் செல்லிலோ, ஒரே துளி தலைமுடித் தடிமனுக்கு வளர்ந்து, செல்லின் உட்கருவையே ஓரத்தில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கும்.

நீண்ட காலம் இதை யாரும் ஓர் உறுப்பாக மதிக்கவில்லை. பண்டம் போட்டு வைத்த மூட்டை என்றுதான் பாடப்புத்தகங்கள் கடந்து போயின. இத்தனைக்கும் பாலில் மிதக்கும் கொழுப்பு உருண்டைகளை லீவன்ஹூக் 1674-லேயே பார்த்துவிட்டார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செல்லுக்குள்ளும் பார்த்திருக்கிறார்கள். 1991-ல் பெரிலிப்பின் என்ற புரதம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான், இந்த மூட்டைக்குக் கதவும் காவலும் கணக்கும் உண்டு என்று உலகம் கவனிக்கத் தொடங்கியது. எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு எண்ணெயை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் துளியின் மேலிருக்கும் புரதங்கள் கவனித்துக்கொள்கின்றன.

இவ்வளவு தாமதமானதற்கு ஒரு காரணம் பார்க்கும் முறையிலேயே இருந்தது. ஆய்வகத்துக்கு வரும் திசுவை வழக்கமாக எப்படித் தயார் செய்கிறார்கள் தெரியுமா? ஃபார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலில் நீரை வெளியேற்றி, சைலீனில் அலசி, மெழுகில் புதைத்து, சீவி எடுத்து, நிறமேற்றிப் பார்ப்பார்கள். ஆல்கஹாலிலும் சைலீனிலும் கொழுப்பு கரைந்து போய்விடும். கண்ணாடித் துண்டில் மிஞ்சுவது வட்ட வட்டமாக வெள்ளை ஓட்டைகள். ஓட்டை இருந்தால் அங்கே கொழுப்பு இருந்தது என்று பொருள்! கொழுப்பையே பார்க்க வேண்டும் என்றால் திசுவை உறைய வைத்துச் சீவி வேறு சாயம் போட வேண்டும். அந்தப் படங்களை முதன்முறை பார்த்தபோது நான் வெகுநேரம் அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருப்பதைக் கழுவிவிட்டு இல்லை என்று எழுதி வைக்கிற பழக்கம் எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டுப் பட்டாவிலும் பால் கணக்குப் புத்தகத்திலும் அம்மாவின் பெயர் இருக்க வேண்டிய இடம் அப்படித்தான் இருக்கிறது.

செல்லைக் கொல்லாமல், கொழுப்பைக் கரைக்காமல், உயிரோடு இருக்கும்போதே அதைப் பார்க்க வழி செய்தவை ஒளிரும் சாயங்கள். அதில் மூத்தது நைல் ரெட். அதன் பிறப்பே வேடிக்கையானது. நைல் புளூ என்று ஒரு நீலச் சாயம் உண்டு. அதைப் போட்டால் திசுவில் மற்ற இடங்கள் நீலமாக, கொழுப்பு மட்டும் சிவப்பாகத் தெரிவதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லொரைன் ஸ்மித் என்பவர் கவனித்தார். நீலச் சாயத்துக்குள் கலப்படமாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிவப்புப் பொருள்தான் அந்த வேலையைச் செய்தது. அந்தக் கலப்படமே நைல் ரெட். 1985-ல் கிரீன்ஸ்பான், மேயர், ஃபௌலர் என்ற மூவர், அது செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளைப் பொன் மஞ்சளாக ஒளிர வைக்கிறது என்று காட்டினார்கள். இன்றும் உலகின் பாதி ஆய்வுக்கூடங்கள் அதைத்தான் எடுக்கும் என்று சொன்னால் பெரிய மிகையில்லை.

நைல் ரெட்டின் குணம் இது: தண்ணீரில் கிடக்கும்போது அதற்கு வெளிச்சமே இல்லை. எண்ணெய்க்குள் நுழைந்ததும் பிரகாசிக்கும். எங்கள் வீட்டு விசேஷங்களில் ஆசாரத்தில் தலை குனிந்து நிற்கும் சித்தி, சமையலறைக்குள் போனதும் ஊர்க்கதை முழுவதையும் கைதட்டிச் சிரித்துச் சொல்வாரே, அப்படி. மூலக்கூறு அதேதான், சுற்றியிருக்கும் இடம் மாறுகிறது. வெளிச்சத்தை வாங்கிக்கொண்ட மூலக்கூறு அந்த ஆற்றலை எப்படியாவது செலவழித்தாக வேண்டும். தண்ணீரில் இருந்தால், சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளோடு மல்லுக்கட்டியே அது வெப்பமாக வீணாகிவிடும். எண்ணெயில் அந்த இழுபறி குறைவு. வாங்கியதை வெளிச்சமாகவே திருப்பிக் கொடுக்கும்.

பிறகு ஏன் நாங்கள் புதுச் சாயம் செய்ய வேண்டும்? நைல் ரெட் கொஞ்சம் ஊதாரி. அதன் ஒளி மஞ்சளிலிருந்து சிவப்பு வரை பரவும், செல்லின் மற்ற சவ்வுகளிலும் மங்கலாக ஒட்டும். அதே செல்லில் இன்னொரு உறுப்புக்குச் சிவப்புச் சாயம் போட்டால் எது எது என்று பிரிக்க முடியாது. போடிபி 493/503 என்று இன்னொன்று இருக்கிறது. அழகான பச்சை, கொழுப்பைத் தவிர வேறெங்கும் அதிகம் போகாது. ஆனால் பெயரிலேயே அதன் சிக்கலும் இருக்கிறது. 493 நானோமீட்டர் ஒளி உள்ளே போகிறது, 503 நானோமீட்டர் வெளியே வருகிறது. பத்தே பத்துதான் இடைவெளி. நாம் அனுப்பிய வெளிச்சத்தையும் அது திருப்பித் தந்த வெளிச்சத்தையும் பிரித்தெடுப்பது தலைவலி. அதனால் இடைவெளி அதிகமுள்ள, நீண்ட நேரம் வெளுக்காத, செல்லை நோகடிக்காத சாயம் வேண்டும் என்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். 2001-ல் ஹாங்காங்கில் பென் சோங் டாங் குழு கண்டு சொன்ன ஒரு வகை உண்டு: தனியாக இருந்தால் ஒளிராது, கூட்டமாகச் சேர்ந்தால் ஒளிரும். பெரும்பாலான சாயங்கள் கூட்டம் சேர்ந்தால் மங்கிப் போகும், இது தலைகீழ். நான் செய்தவற்றில் பாதி இந்த வகை. மகளிர் சங்கக் கூட்டத்தில் இதை விளக்கியபோது எதிரில் இருந்தவர்கள் என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார்கள்.

கொங்கு நாட்டில் சாயம் என்று சொல்லிவிட்டுத் திருப்பூரைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் கூடத்தில் யு.வி. விளக்கைப் போட்டால் முதலில் மின்னுவது நான் செய்த மூலக்கூறு இல்லை, பையன்களின் வெள்ளைப் பனியன்தான். துணியை இன்னும் வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் பொருளும் ஒளிரும் சாயமே. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். அந்த வெள்ளைக்கும் மற்ற நிறங்களுக்கும் நொய்யல் கொடுத்த விலை எங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்தவர்கள் ஆற்றில் அந்தந்த வாரத்து நிறத்தைப் பார்த்தார்கள். நாங்கள் ஆண்டு முழுக்கச் செய்யும் சாயம் ஒரு தேக்கரண்டி தேறாது. இருந்தாலும் கழிவுக் குடுவையில் ஊற்றும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறு ஞாபகம் வரும்.

சாயம் சரியாக வந்ததா என்று பார்க்க எளிய வழி, பால். அதுவும் எங்கள் வீட்டு எருமைப் பால். ஒரு சொட்டுப் பாலில் நைல் ரெட்டைக் கலந்து நுண்ணோக்கியில் வைத்தால், கறுப்பு வானத்தில் பொன் உருண்டைகள் மிதக்கும். பெரிதும் சிறிதுமாக. ஏன் பாலில் இவ்வளவு கச்சிதமாகத் தெரிகிறது என்றால், பாலில் இருக்கும் ஒவ்வொரு கொழுப்பு உருண்டையும் ஒரு காலத்தில் மடியில் ஒரு செல்லுக்குள் கொழுப்புத் துளியாக இருந்ததுதான். துளி மெல்ல மெல்லச் செல்லின் ஓரத்துக்கு வரும். வெளியேறும்போது அந்தச் செல், தன் மேற்சவ்வில் ஒரு துண்டைக் கிழித்து அதற்குப் போர்த்தி அனுப்பும். எருமைக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். தாய்ப்பாலில் குழந்தைக்குப் போகும் கொழுப்பு முழுக்க இப்படித் தாயின் செல்தோல் போர்த்திக்கொண்டு போவதே.

2000-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. கொழுப்பைத் திரட்டும் வேலையில் கடைசிப் படியைச் செய்யும் டிகாட்1 என்ற நொதி இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். எவ்வளவு கொழுப்புத் தீனி கொடுத்தாலும் அவை குண்டாகவில்லை. உடல் எடைக்கு மருந்து தேடுகிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது: அந்த எலிகளில் குட்டி போட்ட தாய்களுக்குப் பால் சுரக்கவில்லை. கொழுப்பு சேராத உடம்பு வேண்டும் என்று ஒவ்வொரு சுவரொட்டியும் பெண்களிடம் கேட்கும்போது எனக்கு அந்தத் தாய் எலிகள் நினைவுக்கு வரும்.

பால் சொசைட்டியில் விலையே கொழுப்புக்குத்தான். முன்பெல்லாம் கண்ணாடிக் குழாயில் பாலோடு கந்தக அமிலமும் அமைல் ஆல்கஹாலும் ஊற்றி, சுற்றிவிட்டு, மேலே திரண்ட கொழுப்பை அளவுகோட்டில் படித்து ‘ஃபேட்’ எழுதுவார்கள். இப்போது கருவி. எருமைப் பாலில் ஏழு விழுக்காட்டுக்குப் பக்கம் வரும், பசும்பாலில் நான்குக்குப் பக்கம். என் அம்மா கருவிக்கெல்லாம் காத்திருக்க மாட்டார். விரலைத் தோய்த்து எடுத்து, வழியும் விதத்தைப் பார்த்து, “இன்னிக்கு ஆறரைதான் வரும், நேத்துத் தட்டு பத்தல” என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். விடிகாலை நாலு மணிக்குக் கட்டுத்தரையைக் கூட்டி, தட்டு வெட்டிப் போட்டு, கறந்து, தூக்குப்போசியைச் சுமந்துகொண்டு போவது அவர். புத்தகம் அப்பா பெயரில். பணம் அப்பா கணக்கில்.

இந்த அம்மாவுக்குத்தான், எடை நாற்பத்து நான்கு கிலோ இருந்தபோது, வயிற்றுவலி என்று போன இடத்தில் ஸ்கேன் எடுத்து, ‘கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 1’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்த மருத்துவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, “எண்ணெய், நெய் எல்லாம் குறைங்க. சும்மா உக்காந்திருக்காம நடங்க” என்றார். நெய் எங்கள் வீட்டில் அரிசிம்பருப்புச் சோற்றின்மேல் ஊற்றப்படும்போது முதலில் அப்பாவின் தட்டு, பிறகு தம்பியின் தட்டு, பிறகு என் தட்டு. அம்மா உட்காரும் நேரத்தில் கிண்ணத்தை வழித்தால் கொஞ்சம் மணம் இருக்கும். அத்தை சிரித்தார்: “உனக்கெங்கடி கொழுப்பு வந்துச்சு? உன்ற புள்ளகிட்ட இருந்து ஒட்டிக்கிச்சா?” அம்மாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து, யாருக்கும் தெரியாமல், தன் சோற்றில் இருந்த கொஞ்சம் எண்ணெயையும் நிறுத்திவிட்டார். வெறும் சோறு, ரசம்.

எனக்கு அன்று வந்த கோபத்துக்கு உதவியாக இருந்தது நான் படித்த துளிகள்தான். ஈரலில் கொழுப்பு சேர நெய் தின்ன வேண்டிய அவசியமில்லை. மாவுச்சத்தையே கொழுப்பாக மாற்றும் வித்தை ஈரலுக்குத் தெரியும். தோலுக்கடியில் கொழுப்பைப் பத்திரமாகச் சேர்த்து வைக்க இடம் குறைவாக இருக்கும் உடம்பில், மிச்சம் ஈரலுக்கும் தசைக்கும் வழிந்து போகிறது. நம் நாட்டு உடம்புகளில் இது அதிகம் என்பதைப் புனேவின் மருத்துவர் யாஜ்னிக் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார். 2004-ல் லான்செட் இதழில் அவரும் லண்டனின் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்று வந்தது. இருவருக்கும் உயரத்துக்கு எடை கணக்கு ஒன்றேதான், 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. எடை மேடை இருவரையும் ஒன்று என்று சொல்லிவிடும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஈரல் கொழுப்பு கூடும் வாய்ப்பு அதிகமாகிறது. பரம்பரையும் உண்டு: 2008-ல் ஹெலன் ஹாப்ஸ் என்ற பெண் மருத்துவரின் குழு, ஒரே ஒரு மரபணுவில் உள்ள சிறு மாற்றம் ஈரல் கொழுப்பை எவ்வளவு கூட்டுகிறது என்று காட்டியது. அந்த மரபணு உண்டாக்கும் புரதம் இருக்குமிடம் கொழுப்புத் துளியின் மேற்பரப்பு.

இன்னொன்று. துளி என்பதே கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. 2003-ல் லாரா லிஸ்டன்பெர்கர், ஜீன் ஷாஃபர் முதலியோர் வெளியிட்ட ஆய்வை நான் மாணவிகளுக்குத் தவறாமல் சொல்வேன். பாமிடிக் அமிலத்தை அதிகமாகக் கொடுத்தால் செல்கள் செத்துப்போகின்றன. கூடவே ஒலியிக் அமிலத்தைக் கொடுத்தால் – நம் கடலெண்ணெயில் நிறைய இருப்பது – செல் இரண்டையும் சேர்த்துத் துளியாக உருட்டி வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்கிறது. சேர்த்து வைக்கும் திறன் இல்லாத செல்லை ஒலியிக் அமிலமும் கொல்கிறது. அதாவது துளி ஒரு காப்பு. வரத்து நிற்காமல் ஆண்டுக்கணக்கில் நிறைந்துகொண்டே போகும்போதுதான் அது நோயாகிறது.

2023-ல் உலகத்தின் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் கூடி இந்த நோயின் ஆங்கிலப் பெயரை மாற்றின. பழைய பெயரில் இருந்த ‘கொழுத்த’, ‘குடியால் வராத’ என்ற சொற்கள் நோயாளியை இழிவுபடுத்துகின்றன என்பது ஒரு காரணம். புதுப் பெயரில் வளர்சிதை மாற்றக் கோளாறு என்பது முன்னால் வருகிறது. நல்ல மாற்றம். ஆனால் எங்கள் ஊர் ஸ்கேன் சென்டரில் இன்னும் “அம்மாவுக்குக் கொழுப்புங்க” என்றுதான் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்கிறார்கள், நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அம்மாவை வேறொரு மருத்துவரிடம் கூட்டிப் போனேன். பெண் மருத்துவர். சர்க்கரை பார்க்கச் சொன்னார், எல்லைக்கோட்டில் இருந்தது. “என்ன சாப்பிடறீங்க, எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க, யார்கூடச் சாப்பிடறீங்க?” என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்கு அம்மா என்னைப் பார்த்தார். நான் மருத்துவரிடம் ஓர் உதவி கேட்டேன்: சொல்வதையெல்லாம் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். எழுதினார். காலை ஒரு முட்டை. மதியம் ஒரு மணிக்குள் சாப்பாடு, சோறு பாதி, பயறும் காயும் பாதி. இரவு எட்டு மணிக்குள். எங்கள் வீட்டில் மனைவி சொன்னால் நடக்காதது, மகள் சொன்னால் சண்டையாவது, சீட்டில் இருந்தால் நடக்கும். அப்பா அந்தச் சீட்டை நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார். ஒரு மணி ஆனால், “ஏனுங்க, உங்க மருந்து நேரமாச்சு” என்று அம்மாவைக் கிண்டலாகக் கூப்பிட்டு உட்கார வைப்பார். முப்பது ஆண்டுகளில் அவர்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது அப்போதுதான் தொடங்கியது. கிண்டலாக இருந்தால் என்ன, தட்டில் முட்டை இருந்தது.

கூடத்திலோ என் பிரச்சினை நேரம். கொழுப்புத் துளிகள் சும்மா இருப்பவை அல்ல. நகரும், ஒன்றோடொன்று சேரும், சுருங்கும், மைட்டோகாண்ட்ரியாவோடு ஒட்டி நின்று எண்ணெய் கொடுக்கும். இதைப் பார்க்க உயிருள்ள செல்லை 37 டிகிரி சூட்டில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று ஏழெட்டு மணி நேரம் எடுக்க வேண்டும். அடிக்கடி வெளிச்சம் போட்டால் சாயம் வெளுத்துவிடும், செல்லும் நோகும். கான்ஃபோகல் நுண்ணோக்கி இருந்தது ஒன்றே ஒன்று. பகலில் வெளியிலிருந்து வரும் சாம்பிள்கள். நீளமான வேலைக்குக் கிடைப்பது இரவு நேரம்தான். மகளிர் விடுதியின் கதவு எட்டு மணிக்கு மூடும். ஆண்கள் விடுதிக்குக் கதவு இருந்ததா என்றே எனக்கு நினைவில்லை. ஆக, உயிருள்ள செல்லைப் படமெடுக்கும் ஆராய்ச்சி எல்லாம் தானாகவே பையன்களிடம் போயிற்று. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. “பொண்ணுங்களுக்கு இதுல ஆர்வம் இல்ல” என்று பின்னால் ஒரு பேச்சும் உண்டாயிற்று.

கோவைக்கு நுண்ணோக்கியும் பெண்ணும் புதிதில்லை. இங்கே இருக்கும் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1934 முதல் 1939 வரை ஜானகி அம்மாள் வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளாத, தலசேரிக்காரப் பெண். கரும்பையும் மற்றப் புல்லினங்களையும் கலந்து, அந்தக் கலப்புச் செடிகளின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு இங்கிலாந்து போய், டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் பயிர்ச் செடிகளின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் ஒரு பெண் செல்லின் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வயதில் நான், எட்டு மணிக்கு மேல் செல்லைப் பார்க்க அப்பாவின் கையெழுத்து வாங்கி வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக. அப்பாவுக்கு என்ன ஆராய்ச்சி என்று தெரியாது, கையெழுத்துப் போடுவார்.

மாணவிகள் இதை வாசிப்பீர்கள் என்பதால் ஒரு விவரம்: பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், பாதுகாப்பைக் காரணம் காட்டி மகளிர் விடுதிகளுக்கு ஆண்களுக்கு இல்லாத பாரபட்சமான விதிகளை விதிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அதே ஆண்டில்தான் தில்லி மாணவிகள் ‘பிஞ்ரா தோட்’ என்று கூண்டை உடைக்கச் சொல்லித் தெருவுக்கு வந்தார்கள். நான் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கீழே கோடு போட்டு, நான்கு ஆய்வு மாணவிகளின் கையெழுத்தோடு கொடுத்தேன். வாங்கியவர் படித்துவிட்டு, “சட்டம் பேசற அளவுக்குக் கொழுப்பு” என்றார். இரண்டு மாதம் அலைந்தோம். முடிவில், ஆய்வு மாணவிகள் மட்டும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரவில் கூடத்துக்குப் போகலாம், இருவராகப் போக வேண்டும் என்று அனுமதி வந்தது. பட்டப்படிப்பு மாணவிகளுக்கு இன்றுவரை எட்டு மணிதான்.

அந்த இரவுகளை எனக்குப் பிடித்திருந்தது. இருட்டறை, ஏசியின் சத்தம், பக்கத்து நாற்காலியில் தோழி போர்வையோடு தூங்கிக்கொண்டிருப்பாள். ஈரல் செல்களுக்கு ஒலியிக் அமிலம் கொடுத்து வைத்திருப்பேன். நான் செய்த சாயத்தைப் போட்ட பிறகு திரையில் ஒவ்வொரு துளியாக எழும், செல் ஓரங்களில் மிளகு தூவியது போல. விடிகாலை மூன்று மணிக்கு ஒருமுறை இரண்டு பெரிய துளிகள் மெல்ல உரசி, ஒன்றாகப் போவதைப் பார்த்தேன். இதை நான் செய்த மூலக்கூறு காட்டிக்கொண்டிருந்தது. தோழியை எழுப்பிக் காட்டினேன். “ம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தப் படத்தை விடுமுறைக்குப் போனபோது அம்மாவிடம் கைப்பேசியில் காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

“நல்லாருக்குது அம்மிணி. காத்திகை தீபமாட்ட. இதா என்ற ஈரல்?”

“இல்லீங்மா. இது வேற ஒரு பையனோடது. அர்ஜென்டினான்னு ஒரு நாடு. ஈரல்ல புத்துநோய் வந்து எடுத்தது. பதினஞ்சு வயசு. அமெரிக்காவுல ஆய்வுக்கூடத்துல வளர்த்து, 1979-ல எழுதுனாங்க. அதை வளர்த்தவங்கள்ல பார்பரா நோல்ஸ்னு ஒரு அம்மா உண்டு. அதிலிருந்து வளர்ந்துக்கிட்டே இருக்குது, உலகம் பூரா இதைத்தான் வெச்சுப் பாக்கறாங்க.”

“அத்தன வருசமாவா?”

“ஆமாங்.”

அம்மா படத்தை விரலால் பெரிதாக்கினார். நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

“அந்தப் பையனுக்கு அம்மா இருந்திருப்பாளே” என்றார். “அவகிட்ட கேட்டுட்டா எடுத்தாங்க?”

எருமை கத்தியது. கறவை நேரம் தாண்டியிருந்தது. கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, போசியை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனார்.